மானிட்டரை அணைத்துவிட்டுச் செய்த வேலை

நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இப்போது யாரும் ‘நெக்ஸ்ட்’ அழுத்துவதில்லை. ஒருவர் ஓரிடத்தில் உட்கார்ந்து அனுப்பினால் எல்லாக் கணினிகளுக்கும் மென்பொருள் தானாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எதிரே ஆளே வேண்டாம். பிரிவு உபசார நாளில் என்னோடு வேலை பார்த்த பெண்கள், “நீங்க சேந்த காலத்துல இதையெல்லாம் எப்படி மேடம் செஞ்சிய?” என்று கேட்டார்கள். கையால்தான் என்று சொல்லிவிட்டு கேக்கை வெட்டினேன். விளக்கிச் சொல்ல அன்று தெம்பில்லை. இப்போதும் பெரிய தெம்பு வந்துவிடவில்லை. கழுத்து வலியோடு நெடுநேரம் உட்கார முடியாது. ஆனால் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் வந்தது உறுத்துகிறது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. இயற்பியலில் பட்டம், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் கணினிப் படிப்பு, பிறகு வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த கணினிப் பராமரிப்பு நிறுவனம். படித்ததில் பாதி அங்கே உதவவில்லை. வேலையின் பெயர் என்ஜினியர். வேலை என்னவென்றால், கல்லூரி, அலுவலகம், அரிசி ஆலை என்று போய், கெட்டுப்போன மென்பொருளை மறுபடி போட்டுவிட்டு வருவது. சிடியைச் செருகினால் திரையில் ஒரு விண்டோ வரும். நெக்ஸ்ட். நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும். ஆமாம். எந்த இடத்தில் போட என்று கேட்கும். நெக்ஸ்ட். நீலக் கோடு பைய நகர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு ஃபினிஷ். பிறகு பக்கத்துக் கணினி. ஒரு கல்லூரி ஆய்வகத்தை முடித்துவிட்டு டவுன் பஸ்ஸில் கண்ணை மூடினால் இமைக்குள்ளும் சாம்பல் நிறப் பெட்டிகள்தான் வந்து நிற்கும்.

அந்தச் சமயத்தில் ஒரு கணினிப் பத்திரிகையோடு வந்த சிடியில் சின்ன ஸ்கிரிப்ட் மொழி ஒன்று கிடைத்தது. ‘இந்தத் தலைப்புள்ள விண்டோ வரும்வரை காத்திரு, வந்ததும் என்டர் அழுத்து, அடுத்தது வரும்வரை காத்திரு’ என்று வரிவரியாக எழுதி வைத்தால் நாம் செய்வதை அதுவே செய்யும். முதன்முறை விசைப்பலகையில் யாரும் கை வைக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று பெட்டிகள் தாமாக மாறியபோது எனக்குச் சந்தோஷத்தைவிட அசதிதான் வந்தது. இவ்வளவு நாள் இதைத்தானா செய்துகொண்டிருந்தோம் என்ற அசதி.

மேலாளர் சங்கரலிங்கத்தை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணினியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். நாம் செய்யப் போவதைச் சொல்லச் சொல்வார். சொல்லி முடித்ததும் ஒரே கேள்வி. “சரி, அப்புறம்?” அடுத்து எந்த விண்டோ வரும், அதில் என்ன எழுதியிருக்கும், எந்தப் பொத்தானில் ஏற்கெனவே குறி நிற்கும் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மறுபடியும், “அப்புறம்?” தடுமாறினால் வாடிக்கையாளர் இடத்துக்கு அனுப்ப மாட்டார். திட்டவும் மாட்டார். “ஒரு தடவ கையால போட்டுப் பாத்துட்டு வா” என்று சொல்லிவிட்டு வெந்நீர் பிளாஸ்கைத் தேடிப் போய்விடுவார். அந்தச் சத்தமில்லாத நடை திட்டுவதைவிட மோசம்.

ரெஜினா மேடம் பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் வரலாற்று விரிவுரையாளர். ஊர் குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரம். அப்பா தோணியில் சரக்கு ஏற்றிப் போனவர். சிறு வயதில் வந்த காய்ச்சலில் மேடத்துக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. தோணிப் போக்குவரத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். ஓர் அறக்கட்டளை அவருக்காகக் கல்லூரிக்கு ஒரு கணினி கொடுத்திருந்தது. திரையில் இருப்பதை ஆங்கிலத்தில் வாசிக்கும் மென்பொருள் அதில் உண்டு. மூக்கால் பேசும் ஓர் ஆண் குரல். அதற்கு மேடம் வைத்த பெயர் ‘அமெரிக்காக்காரன்’.

கணினி இருந்தது கல்லூரி விடுதியில், மேடத்தின் அறையில். ஆண்கள் யாரும் விடுதியின் வரவேற்பறையைத் தாண்டக் கூடாது. எங்கள் நிறுவனத்தில் இருந்த ஒரே பெண் என்ஜினியர் நான். வோல்டேஜ் ஏறி இறங்கி, மின்சாரம் திடீரென்று நின்று, ஏதோ ஒரு கோப்பு கெட்டு, அமெரிக்காக்காரன் அடிக்கடி வாயை மூடிக்கொள்வான். அவன் பேசாவிட்டால் மேடத்துக்கு அது வெறும் தகரப் பெட்டி. அப்போது நான் தென்காசியிலோ சாத்தான்குளத்திலோ இருப்பேன். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கணினிகள் எல்லாம் குழம்பிவிடும் என்ற பயத்தில் ஊரெல்லாம் எங்களை இழுத்துக்கொண்டிருந்த நேரம். மேடம் காத்திருப்பார்.

ஒருமுறை அப்படித் தாமதமாகப் போய் நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒலிநாடாவில் பாட நூலைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுகொண்டார்.

“வா காந்தி. எங்கன போயிருந்த?”

“சங்கரன்கோவில் மேடம். வர முடியல.”

“ஒன்னயக் குத்தம் சொல்லல. ஒரே ஒரு பொம்பளைய வச்சிருந்தா அவ எத்தன ஊருக்குத்தான் போவா? எந்த இடத்துல எத அழுத்துதன்னு எனக்குச் சொல்லிக் குடு. நானே போட்டுக்கிடுதேன்.”

“பேசுத சாப்ட்வேரே போயிருச்சுன்னா, திரையில என்ன வந்திருக்குன்னு ஒங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

“அத நீதான் கண்டுபிடிக்கணும்” என்று சிரித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போதே எனக்கு ஸ்கிரிப்ட் நினைவு வந்துவிட்டது. முதலில் ஒலி அட்டைக்கான மென்பொருள், அடுத்து வாசிக்கும் மென்பொருள், இரண்டையும் அதுவே வரிசையாகப் போட்டுவிடும். மேடம் சிடியைச் செருகிவிட்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். அலுவலகத்தில் ஒரு பழைய கணினியில் எழுதி ஓட்டிப் பார்த்து, அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வழக்கம்போலப் பின்னால் வந்து நின்றார். முழுதும் ஓடி முடிந்தது. அவர் கையை நீட்டி மானிட்டரின் பொத்தானை அணைத்தார்.

“இப்பம் போட்டுக் காட்டு.”

திரை கறுப்பாக இருந்தது. விசைகளை அழுத்தினேன். சிடி சுழன்றது. ஹார்டு டிஸ்க் கறகறவென்றது. நின்றது. மறுபடி கறகறவென்றது.

“அப்புறம்?” என்றார் அண்ணாச்சி.

“அநேகமா முதல் சாப்ட்வேர் முடிஞ்சிருக்கும் அண்ணாச்சி.”

“அநேகமாவா? எம்மா, அந்தம்மா ஒரு மத்தியானம் பூரா இந்த அநேகமாவ வச்சிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? முடிஞ்சிச்சா, நடுவுல நின்னுபோச்சா, எப்படித் தெரியும்?”

மானிட்டரைப் போட்டுப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு பெட்டியில் நின்றுபோய்த்தான் இருந்தது. இரண்டாம் முறை ஓடியதால், ‘இது ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுதாத பெட்டி அது.

சத்தம் வேண்டும் என்று புரிந்தது. ஒலி அட்டையே வேலை செய்யாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? கணினிப் பெட்டிக்குள் சின்ன ஸ்பீக்கர் ஒன்று உண்டு. ஒலி அட்டை இல்லாவிட்டால் திரையில் செய்திப் பெட்டி வரும்போது அது ‘பீப்’ என்று கத்தும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு செய்திப் பெட்டி வருமாறு எழுதினேன். எதிர்பார்த்த விண்டோ வராவிட்டால் அடுத்தடுத்து மூன்று பீப். முதலில், பீப் அடித்துவிட்டு ஸ்கிரிப்ட் தானே மேலே போகும்படிதான் வைத்திருந்தேன். மேடத்திடம் சொன்னபோது தலையை ஆட்டினார்.

“அதுவா ஓடிப் போகக் கூடாது காந்தி. சத்தம் குடுத்துட்டு நிக்கட்டும். நான் என்டர் தட்டுனதுக்கு அப்புறந்தான் போகணும்.”

“எதுக்கு மேடம்? நேரந்தான் ஆகும்.”

“ஆகட்டுமே. என் பெட்டிதான அது? என்கிட்ட கேட்டுட்டுப் போகட்டும்.”

அப்படியே மாற்றினேன்.

அலுவலகத்தில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் விடுதியில் ஓடவில்லை. இதை எழுதக் காரணமே அந்த ஒரு மத்தியானம்தான் என்று சொல்லலாம். ஒலி அட்டையின் மென்பொருளை எழுதியவர் யாரோ அழகு பார்ப்பவர் போல. அதன் முதல் விண்டோவில் வழக்கமான பொத்தான்கள் கிடையாது, படமாக வரைந்து வைத்திருந்தார். டேப் விசைக்கும் என்டருக்கும் அது அசையாது. மவுஸால்தான் தொட வேண்டும். திரையில் இடமிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு என்று கணக்கு வைத்து அங்கே கிளிக் செய்யுமாறு எழுதியிருந்தேன். விடுதியில் மூன்று பீப். மறுபடி ஓட்டினேன். மறுபடி மூன்று பீப். மேடம் கட்டிலில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

“முதல்லயே நிக்குது” என்றார். “சிடி சுத்தி முடிச்சி, ஒரு தடவ தட்டுன மாதிரி டிஸ்க் சத்தம் வருது. உடனே அமந்துருது. அது உள்ள போகவே இல்ல, வெளிய வந்துருது.”

மானிட்டரைப் போட்டுப் பார்த்தேன். அந்த அறையில் திரையைப் பார்ப்பவர் யாருமில்லை என்பதால் வந்தது வினை. எப்போதோ யாரோ அதன் எழுத்து அளவைப் பெரிதாக வைத்து விட்டுப் போயிருந்தார்கள். திரையின் கணக்கே வேறு. நான் ‘ஆமாம்’ என்று நினைத்து அழுத்திய இடத்தில் அங்கே ‘வேண்டாம்’ இருந்தது. மேடம் சொன்னது சரி, ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டிவிட்டு நாமே வெளியே வந்துகொண்டிருந்தோம்.

திரையிலிருந்து அளக்காமல், அந்த விண்டோவின் மூலையிலிருந்து அளந்து கிளிக் செய்யுமாறு திருத்தினேன். எழுத்து அளவையும் மாற்றினேன். வெளியே மதிய மணி அடித்து வகுப்புகள் தொடங்கிவிட்டன. மேடம் தன் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி வேறொருவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மானிட்டரை அணைத்தேன். “இப்ப நீங்க போடுங்க மேடம்” என்று எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

அவர் சிடியைத் தடவிச் செருகினார். மூன்று விசைகள். காத்திருந்தார். பீப். என்டர். பீப். என்டர். நடுவில் ஒருமுறை நெடுநேரம் சத்தமே இல்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், கையை உயர்த்தி என்னை அடக்கினார். பீப். கணினி அணைந்து எழுந்தது. அந்த மூக்குக் குரல் தொண்டையைச் செருமாமல் சட்டென்று பேச ஆரம்பித்தது. மேடம் இரண்டு கைகளையும் விசைப்பலகைமேல் வைத்தபடி அது பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை அமெரிக்காக்காரன் படுத்தபோது என்னைக் கூப்பிடவில்லை. வார்டன் அறைத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்கு அழைத்து, “காந்தி, நானே போட்டுட்டேன்” என்றார். குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆசிரியர் ஓய்வறையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து செய்தி கல்லூரி அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான பராமரிப்பு ஒப்பந்தம் வந்தபோது அந்த ஒரு கணினி மட்டும் நீக்கப்பட்டிருந்தது. அவரே சரிசெய்துகொள்கிறார் என்பது காரணம். எனக்கு அது தெரியவந்தபோது அண்ணாச்சியிடம் போய் நின்றேன். “அவங்க எடுத்துட்டாங்கன்னா நாம என்னம்மா செய்ய முடியும்?” என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி இறங்கிய மாதிரி வோல்டேஜ் எகிறி ஹார்டு டிஸ்க் போய்விட்டது. ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்ததே அந்த டிஸ்க்கில்தான். மென்பொருள் கெட்டால் திருப்பிப் போடலாம், போடுவதற்கு இடமே இல்லாவிட்டால்? மேடம் போன் செய்தபோது எடுத்த எங்கள் ஆள், “ஒங்க மிஷினு காண்ட்ராக்ட்ல இல்ல மேடம்” என்று சொல்லிவிட்டான். அவன்மேல் தப்பில்லை, அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. நான் தூத்துக்குடியில் இருந்தேன்.

நான் திரும்பி வந்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த காலையில் மாடிப்படியில் ஆட்டோக்காரர் ஒருவர் முனகிக்கொண்டே ஏறினார். கையில் போர்வையால் சுற்றிய கணினிப் பெட்டி. பின்னால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரெஜினா மேடம். சேலைக் கரை நனைந்திருந்தது. ஆற்றுப்பாலத்தில் மழை சாரலாக அடித்ததில் பெட்டி நனையாமல் இருக்கத் தன் மடியில் வைத்துக் குனிந்தே வந்தாராம்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். “வாங்கம்மா, இருங்க. இத யாரு கழட்டுனது?”

“நாந்தான். ஒவ்வொரு வயரா கழட்டி, எது எங்கன இருந்துச்சுன்னு நூல் கட்டி வச்சிருக்கேன்.” மேடம் நாற்காலியைத் தேடித் தொட்டு உட்கார்ந்தார். “அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நானே போட்டுக்கிடுதேன்னு சொன்னது ஏன்னு நெனைக்கிய? தனியா செய்யணும்னு எனக்கு ஆசையா? ஆள் வரல, அதனால சொன்னேன். வாரேன்னவங்கள வேண்டாம்னா சொன்னேன்? இப்பம் ஒங்களுக்குத்தான் தெரியுமேங்கிய எல்லாரும். தெரிஞ்சது தப்பாப் போச்சு.”

அண்ணாச்சி பிளாஸ்கைத் திறந்து ஒரு தம்ளரில் வெந்நீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

“கட்டுரையெல்லாம்?” என்று கேட்டார்.

“பிளாப்பியில இருக்கு. கடைசி அதிகாரந்தான் பாக்கி. பல்கலைக்கழகத்துக்குக் குடுக்க இந்த மாசம் கடைசி.”

“காந்தி, ஓரமா ஒரு மேசய ஒழி. ஒரு மிஷின்ல அந்தப் பேசுத சாப்ட்வேரப் போடு. அம்மா இங்கன இருந்து எழுதட்டும்.” பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்கு நீயும் நானும் காலேஜுக்குப் போயிட்டு வருவோம்” என்றார்.

மேடத்தோடு மூவருமாகப் போனோம். அலுவலகக் கண்காணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை. கோப்பை எடுத்து எங்களுக்கே காட்டினார். “இவங்களால முடியும்னு எழுதித்தான் நிறுத்துனோம். இப்பம் மறுபடி சேத்தா தணிக்கையில கேப்பான். முடியாதுன்னு இவங்களே எழுதித் தரட்டும், நாளைக்கே சேத்துருதேன்.” வாசகத்தையும் அவரே எழுதி உரக்க வாசித்தார். கணினியைத் தாமாகக் கையாள இயலாதவர் என்று இருந்தது.

“ஒதவி தேவைப்படுதுன்னு போட்டா ஆகாதா சார்?” என்றார் அண்ணாச்சி.

“அப்படிப் போட்டா, யாருக்குத்தான் தேவைப்படலன்னு கேப்பான்.”

அண்ணாச்சி அதற்கு மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் கையை நீட்டி, “எங்கன போடணும்?” என்றார். நான் அவர் விரலைப் பிடித்துத் தாளின் மூலையில் வைத்தேன். கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் நடக்கும்போது, “அந்தாளு வாசிக்கும்போது பின்னால ரெண்டு பிள்ளைய சிரிச்சுதுல்லா?” என்று கேட்டார்.

“எனக்குக் கேக்கல மேடம்.”

“எனக்குக் கேட்டுச்சு. என் கிளாஸ் பிள்ளையதான். ரெண்டாம் வருஷம்.”

அண்ணாச்சி முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தார். பஸ் ஸ்டாப் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் அலுவலக மேசையில் உட்கார்ந்து மேடம் கடைசி அதிகாரத்தை முடித்தார். கெடுவுக்குள் கொடுத்தார். பட்டமும் வந்தது. எனக்குச் சம்பளம் கூடவில்லை, கழுத்து வலிதான் கூடியது. ஸ்கிரிப்ட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வேறு சில நிறுவனங்களிலிருந்து கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அடுத்த விண்டோஸ் வந்ததும் பெட்டிகளின் தலைப்புகள் மாறி அவையெல்லாம் பயனற்றுப் போயின. மறுபடி எழுதினேன். அவையும் போயின. வேலை என்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒப்பந்தம் திரும்ப வந்த பிறகு முதன்முறை விடுதிக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். புது டிஸ்க்கை அலுவலகத்திலேயே போட்டாகிவிட்டது. ஸ்கிரிப்ட்டையும் அதில் எழுதி வைத்திருந்தேன். அமெரிக்காக்காரன் மறுபடி வாயை மூடிக்கொண்டான் என்று அழைப்பு. நான் கணினி முன்னால் உட்காரப் போனபோது மேடம் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிக் கட்டிலில் உட்கார வைத்தார். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவரே சிடியைச் செருகி, ஒவ்வொரு பீப்புக்கும் என்டர் தட்டி, எல்லாவற்றையும் போட்டு முடித்தார். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கும் ரொம்ப அலுப்பு. குரல் பேச ஆரம்பித்ததும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய வருகைச் சீட்டைப் பையிலிருந்து எடுத்து எழுதினேன்.

பேனா ஓடுவது அவருக்குக் கேட்டிருக்கிறது. “என்ன எழுதுத?”

“என்ஜினியர் நேர்ல வந்து பழுதச் சரிசெய்தார்னு எழுதுதேன் மேடம்.”

“அதுல எது உண்மை?”

யோசித்தேன். “வந்தது மட்டுந்தான் மேடம்.”

“அது போதும்” என்றார். “காப்பி ஆறுது, குடி.”